கர்த்தர் மௌனமாயிருக்குங்கால்

துன்பம் ஒன்று, துன்பத்தினூடே இறைவன் வாய்திறவாதிருத்தல் மற்றொன்று. முன்னதைப் பொறுக்கும் வன்மை மாந்தருட் பலர்க்கு உண்டு. பின்னதோ பத்தியிற் சிறந்தோரையும் நிலைகலங்கச் செய்வது. நோயுற்ற தாய்க்காக மகன் இரவெல்லாம் முழங்காலில் நின்று மன்றாடுகிறான், தாய் இறந்துபடுகிறாள். மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்பதற்கும் ஓர் அடையாளமில்லை. அத்தகைய வேளையில் கிறிஸ்தவன் தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்ளுதல் எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

மெய்விசுவாசிக்கு இவ்விருள் வாராது என்பார் சிலர். வேதாகமம் அவர் கூற்றுக்கு இடந்தரவில்லை. 88-ஆம் சங்கீதத்தை நோக்குக. புலம்பற் சங்கீதங்களுட் பல துயரில் தொடங்கி நம்பிக்கையில் முடிகின்றன. இஃதோ எபிரெய மூலத்தில் இருளைக் குறிக்குஞ் சொல்லோடே முடிகின்றது. ஆறுதல் ஒன்றும் பின்வரவில்லை. அங்ஙனமிருந்தும், அதனைப் பாடியவன் தன்னை மீட்பவர் என்றே தேவனை விளித்துத் தொடங்குகிறான். இருளிற் கிடந்தும் அவன் பேசுவது அவரோடேயாம். இப்பாட்டு வேதத்தினின்று நீக்கப்படாது சபையின் வழிபாட்டில் இடம்பெற்றிருத்தலே நமக்குப் பெரியதோர் ஆறுதல் அன்றோ?

யோபின் சரித்திரமும் இதனையே வலியுறுத்தும். அவன் நண்பர் மூவரும் வந்து ஏழு நாள் அவனோடு தரையில் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அவர் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. பின்னர் அவர் பேசலுற்று, யோபின் பாவமே அவன் துன்பத்திற்குக் காரணமென வாதித்தனர். கர்த்தரோ 38-ஆம் அதிகாரத்திலன்றி மறுமொழி கூறினாரில்லை. கூறிய காலத்தும் அத்துன்பத்தின் காரணத்தை யோபுக்கு வெளியிட்டாரில்லை. ஆயினும் இறுதியில், தேவனுக்காக வழக்காடிய நண்பர் கண்டிக்கப்பட்டனர். தேவனிடத்தில் முறையிட்ட யோபு ஏற்றுக்கொள்ளப்பட்டான். நண்பர் தேவனைக் குறித்துப் பேசினர். யோபோ தேவனை நோக்கியும் பேசினான். முறையிடுதல் அவிசுவாசமன்று, அதுவும் ஒருவகை ஜெபமே. நம் ஆண்டவரும் சிலுவையில் தொங்குங்கால் 22-ஆம் சங்கீதத்தின் கதறலையே தம் வாயில் எடுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, பிற்காலத்து உதாரணமாக அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனின் சரித்திரத்தைக் காண்போம். இவர் 1813-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மனைவியார் ஆன் அம்மையாருடன் நம் சென்னையினின்று கப்பலேறி, ஜூலை மாதம் 13-ஆம் நாள் பர்மா தேசத்து இரங்கூன் சேர்ந்தார். அவர்தம் முதல் மகவு அப்பிரயாணத்திலேயே உயிரின்றிப் பிறந்தது. இரண்டாம் மகவு எட்டாம் மாதத்தில் மாண்டது. பர்மியருள் முதல்வர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுதற்கு ஆறாண்டு சென்றது. 1824-இல் ஆங்கிலேயர்க்கும் பர்மிய அரசர்க்கும் போர் மூளவே, ஜட்சன் ஒற்றரென ஐயுறப்பட்டு அவா நகரில் சிறையிடப்பட்டார். ஏறக்குறைய 17 மாதம் விலங்குண்டு கிடந்தார். விடுதலை பெற்றபின்னரும் துயர் ஓய்ந்திலது. 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள், அவர் தொலைவில் அலுவல் பற்றிச் சென்றிருந்தபொழுது, ஆன் அம்மையார் காய்ச்சலால் உயிர்நீத்தார். ஆறு மாதத்திற்குள் இரண்டு வயதுக் குழந்தை மரியாளும் தாயின் பக்கத்தே அடக்கம் பண்ணப்பட்டாள்.

அவர் உள்ளம் முறிந்தது. 1828-இல் காட்டிடை ஒரு குடிசை அமைத்துத் தனித்துறைந்தார். ஒரு கல்லறைக் குழியை அமைத்து அதனருகே அமர்ந்து மரணத்தையே சிந்தித்திருந்தார். 1829-இல் தீட்டிய கடிதமொன்றில், தேவனைத் தாம் விசுவாசிப்பதாகவும், ஆயினும் அவரைக் கண்டடையக் கூடவில்லையென்றும் எழுதினார். விசுவாசத்தையும் வெறுமையையும் அவர் ஒருங்கே அறிக்கையிட்டார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தாரல்லர். பின்னர் மெல்ல மெல்லப் பணிக்குத் திரும்பினார். இரங்கூனில் பிரசங்கித்தும், வேதத்தை வசனம் வசனமாகப் பர்மிய மொழியிற் பெயர்த்தும் உழைத்தார். 1834-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ஆம் நாள் வேதாகமம் முழுதும் பெயர்க்கப்பட்டு முடிந்தது. மியன்மார் என இன்று வழங்கும் அந்நாட்டுச் சபைகளில் அம்மொழிபெயர்ப்பு இன்றும் வாசிக்கப்பட்டுவருகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேதாகமம் முடிவுற்றது, ஆதலின் அத்துன்பமெல்லாம் இதற்காகவே நேர்ந்தது என்று நாம் தீர்த்துவிடுவோமாயின், யோபின் நண்பர் செய்த பிழையையே நாமுஞ் செய்தவராவோம். குழந்தை மரியாளின் மரணத்திற்கு நூலொன்று விலையாகாது. ஜட்சனுக்குக் காரணம் அறிவிக்கப்படவில்லை, நமக்கும் அறிவிக்கப்படவில்லை. அறியாததை அறிந்தோம் என்னாமையும் விசுவாசத்தின் ஒரு பகுதியே.

ஆயின், நாம் கற்கத்தக்கன யாவை? முதலாவது, மௌனத்தைக் கைவிடுதல் என எண்ணலாகாது. உணர்ச்சி வேறு, விசுவாசம் வேறு. மேகம் மறைத்த பகலிலும் உழவன் உழுகின்றான். ஞாயிறு ஒழிந்துபோயிற்றென அவன் ஏரை எறிந்துவிடுவதில்லை. இரண்டாவது, உள்ளதை உள்ளவாறே கர்த்தரிடம் சொல்லவேண்டும். அலங்காரமான ஜெபம் வாராவிடில், வாராமையையே அவர் முன் வைப்போமாக. மூன்றாவது, அந்நாளைய கடமையை அந்நாளிற் செய்தல் வேண்டும். ஒரு பாடத்தைப் படித்தல், ஒரு நோயாளியைக் காணச்செல்லல், ஒரு வசனத்தைப் பெயர்த்தல் எனச் சிறியதாயினும் அமையும்.

நான்காவது ஒன்றுளது, அது துன்புறுவோனைச் சூழ்ந்துள்ள நமக்குரியது. ஜட்சன் சிறைப்பட்டபொழுது, புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணையினுள் வைத்துத் தைத்து அவர்பால் சேர்த்திருந்தனர். அவரை வேறு சிறைக்குக் கொண்டுபோன நாளில் காவலர் அதன் உறையைக் கழற்றிக்கொண்டு எஞ்சிய பஞ்சுருளையை எறிந்துவிட்டனர். மாங் இங் என்னும் பர்மிய விசுவாசி, தம் ஆசிரியரின் நினைவாக இருக்கட்டுமென்று அதனை எடுத்துச் சென்றார். உள்ளிருப்பது இன்னதென அவர் அறியார். பல மாதங் கழிந்தபின் அப்பிரதி அதனுள் பழுதின்றிக் காணப்பட்டது.

தன் விசுவாசத்தைத் தன் கையாற் பற்றமுடியாத நாள் ஒருவனுக்கு வருதல் கூடும். அந்நாளில் அதனை அவனுக்காகப் பத்திரப்படுத்த ஒருவர் வேண்டும். மாணாக்கர்காள், நும் விடுதியில் அருகறையில் உறையும் நண்பன் துயருற்று ஆலயத்திற்கு வாராதிருப்பானாயின், அவனைக் கடிந்துகொள்ளற்க. காரணங் கற்பிக்கவும் முற்படற்க. அவனருகே சென்று அமர்க. அவன் ஜெபிக்கமாட்டாத நாளெல்லாம் அவனுக்காக நீவிர் ஜெபித்திருப்பீராக.