குறும்பதக்கமும் பழம்படங்களும்

பழம்பொருளைப் போற்றுதல் வேறு. அதனைப் படித்தறிதல் வேறு. நம்மிற் பலர் வீடுகளில் முன்னோரின் போர்ப் பதக்கமும் மங்கிய நிழற்படங்களும் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவற்றைக் காட்டிப் பெருமை கொள்கிறோம். ஆனால், அவை உண்மையில் கூறும் செய்தி யாது? அறிவியல் பயிலும் நாம் இதனையும் சோதனைக்கூடத்துக் கண்கொண்டு நோக்குதல் நன்று.

எடுத்துக்காட்டாக என் கொள்ளுத்தாத்தாவின் உடைமைகளைக் கொள்வோம். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பாட்டியின் பெட்டியோடு பாலிகஞ்சுக்கு வந்தவை ஒரு சிறு பதக்கமும் இரண்டு படங்களுமே.

முதலில் பதக்கம். ஆறு முனை நட்சத்திரம், கருநீல நாடா, நடுவே அகன்ற சிவப்பு, இருபுறமும் செம்மஞ்சள் கோடுகள். இரண்டாம் உலகப் போருக்குரிய பர்மா நட்சத்திரம் இது. ஆனால், முழுப் பதக்கத்தில் ஏறத்தாழப் பாதி அளவே உடையது. விருந்துச் சீருடையில் அணிவதற்கென்று பதக்கம் பெற்றவர் தாமே விலைகொடுத்து வாங்குவது இவ்வகை. இந்தியப் படையினருக்கு வழங்கிய முழுப் பதக்கங்களில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். குறும்பதக்கத்தில் பொதுவாக இரா. ஆகவே, இஃது இன்னாருடையது என்பதற்குப் பாட்டியின் சொல்லே சான்று.

“அப்பா பர்மாவிலே சண்டை போட்டவர்” என்பார் பாட்டி. பதக்கத்தின் பெயரும் அதற்குத் துணைபோகிறது. ஆயினும் விதியை நோக்குக. 1942 மே 1 முதல் 1943 டிசம்பர் 31 வரை வங்கத்திலோ அஸ்ஸாமிலோ பணிபுரிந்த தரைப்படையினரும் இதற்கு உரியவராயினர். எனவே, பர்மா மண்ணை மிதியாதவரும் இதனை அணிந்திருக்கலாம்.

அடுத்துப் படங்கள். ஒன்றில் தாத்தா ஹூக்ளிக் கரையில் நிற்கிறார்; பின்னே புதிய ஹௌரா பாலம் முழுமையாகத் தெரிகிறது. அது கட்டி முடிந்தது 1942இல். போக்குவரத்துக்குத் திறந்தது 1943 பிப்ரவரியில். படம் 1942க்கு முற்பட்டதன்று என்பதும், அவர் இந்நகரில் இருந்தார் என்பதும் தெளிவு. பர்மா சென்றாரா என்பதைப் படம் சொல்லாது. சீருடையின் தோள் எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்துப் படைப்பிரிவை அறிந்தால், அதன் நடுவத்துக்கு எழுதிக் கேட்கலாம். மதராஸ் ரெஜிமெண்டின் நடுவம் வெலிங்டனிலும் மதராஸ் சாப்பர்களின் நடுவம் பெங்களூரிலும் உள்ளன.

மற்றொரு படத்தில் 11 வீரர்கள். பாட்டி அவருள் 5 பேரைப் பெயர் சொல்வார். சிறுமியாக இருந்தபோது வீட்டுத் திண்ணைக்கு வந்துபோனவர்களாம். பாட்டிக்கு இப்போது வயது 83. இத்தாலியில் 1944 பிப்ரவரி 24இல் கண்ணிவெடிமேல் வீழ்ந்து தோழரைக் காத்து, மறைவுக்குப்பின் ஜார்ஜ் சிலுவை பெற்ற காஞ்சிபுரப் பகுதிச் சுபேதார் சுப்பிரமணியனின் பெயர் ஏட்டில் நிலைத்துவிட்டது. இந்த 11 பேருக்கு ஏடு ஏது?

படம் எடுத்த நிலையத்தில் நெகடிவ் இருக்குமென்று நம்பியிருத்தலும் ஆகாது. இந்நகரில் புகழ்பெற்றிருந்த போர்ன் அண்ட் ஷெப்பர்டின் பழம்படச் சேமிப்பில் பெரும்பகுதி 1991இல் தீக்கிரையாயிற்று. நிலையமும் 2016இல் மூடப்பட்டது.

பேணும் முறை எளிது. பதக்கத்தைப் புளியிட்டுத் துலக்கலாகாது. புளியின் அமிலமும் தேய்ப்பும் நுண்ணிய எழுத்தை அழிக்கும். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் ஆதலால், மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பற்றும். உலர்ந்த இடத்தில் காகித உறையிலிட்டு வைக்க. பெயர்களைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுக. கேட்டறிந்தது இது, கண்டறிந்தது இது என்று பிரித்தெழுதுக.

நண்பர்களே! பதக்கம் காத்திருக்கும்; படமும் சில காலம் காத்திருக்கும். பெயர் அறிந்த முதியோர் காத்திரார். பூசை விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஒரு பென்சிலும் எடுத்துச் செல்க.