போ க்ளிப்புகளை எதில் மாட்டி வைப்பது?

போ க்ளிப் வாங்கும்போது எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம்: நிறம், முத்து, ஜிகினா. அதை மாட்டிவைக்க ஏதாவது செய்யப் போகிறவர் மட்டும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் தாங்கி சரிப்படும் என்று முடிவு செய்வது அங்கே இருக்கும் இரும்புத் துண்டுதான். இதைப் பார்க்காமல் அழகுக்காக ஒன்றைச் செய்து சுவரில் மாட்டினால், பாதி க்ளிப்புகள் அதில் நிற்காது. பழைய பிஸ்கட் டப்பாவுக்கே திரும்பும். டப்பாவில் என்ன நடக்கும் என்று தெரிந்ததுதான். போவின் மடிப்பு நசுங்கும். ஒன்றின் பல் இன்னொன்றின் நூலைப் பிடித்து இழுக்கும்.

ஆகவே முதல் வேலை, டப்பாவைத் தரையில் கொட்டி மூன்றாகப் பிரிப்பது. பின்னால் அழுத்தினால் வாய் திறக்கும் அலிகேட்டர் க்ளிப் ஒரு குவியல். வளைத்தால் டக்கென்று மூடிக்கொள்ளும் டிக்டாக் க்ளிப் இன்னொன்று. ரப்பர் பேண்டிலோ ஹேர் பேண்டிலோ தைத்தவை மூன்றாவது. எந்தக் குவியல் பெரியதோ அதற்கேற்றபடி செய்யுங்கள்.

அலிகேட்டர் அதிகம் என்றால் தொங்கும் ரிப்பன் பட்டைகளே போதும். மேலே ஒரு மரச்சட்டம், அதிலிருந்து கீழே தொங்கும் நாலு ரிப்பன்கள், அவ்வளவுதான். சட்டத்துக்குப் பதில் குழந்தையின் பெயரின் முதல் எழுத்தை மரத்தில் வெட்டி வாங்கி வண்ணம் பூசுகிறவர்களும் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 'ஃ' மாதிரி துண்டு துண்டான எழுத்தில் எங்கே கட்டுவது? நேரான சட்டமே வசதி.

இதில் ஏமாற்றுவது ரிப்பன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது வழவழப்பான சாட்டின். அதில் க்ளிப் மெல்ல நழுவிக் கீழே வந்து நிற்கும். குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும் தடித்த ரிப்பனைக் கேட்டு வாங்குங்கள்; அந்த வரிகளில் க்ளிப்பின் பல் பிடித்துக்கொள்ளும். அகலம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். நீளத்தைக் கணக்குப் போட்டே வெட்டலாம்: மூன்று அங்குல போ ஒன்றுக்கு மூன்றரை அங்குலம் என்றால், இரண்டடி ரிப்பனில் ஆறு நிற்கும். நாலு பட்டையில் இருபத்துநாலு. பட்டைகளுக்கு நடுவே நாலு அங்குலமாவது விடாவிட்டால் பக்கத்துப் பட்டையின் போக்கள் ஒன்றையொன்று இடிக்கும். அப்படிப் பார்த்தால், ரிப்பன் அகலத்தைப் பொறுத்து, சட்டம் பதினாறு முதல் பதினெட்டு அங்குலமாவது வேண்டும். பாலியெஸ்டர் ரிப்பனின் நுனியை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டினால் உருகி மூடிக்கொள்ளும், பிரியாது. பருத்தி நாடாவில் இந்த வித்தை செல்லாது, எரிந்துவிடும். அதை மடித்துத் தைக்க வேண்டும்.

ரிப்பனைச் சட்டத்தில் க்ளூ கன்னால் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நான் சொல்வது வேறு: மேல்நுனியை வளையமாகத் தைத்து, திரைச்சீலைக் கம்பியில் கோப்பது போலக் கோத்துவிடுங்கள். காரணம் தேங்காய் எண்ணெய். நம் வீட்டுப் பெண்குழந்தையின் தலையிலிருந்து கழற்றிய எந்தக் க்ளிப்பிலும் எண்ணெய் இருக்கும். அது ரிப்பனில் ஏறி, தூசியைப் பிடித்து, சில மாதங்களில் வெளிர் ரோஸ் நிறம் பழுப்பாகும். கோத்த ரிப்பன் என்றால் உருவித் துவைத்து மறுபடி மாட்டலாம். ஒட்டியதைப் பிய்க்கத்தான் வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் அந்தப் பசை இளகவும் செய்யும்.

டிக்டாக் க்ளிப் அதிகமென்றால் போட்டோ ஃபிரேம் நல்லது. கண்ணாடியையும் பின்அட்டையையும் எடுத்துவிட்டு, குறுக்கே மெல்லிய கயிறுகளையோ அரை அங்குல நாடாவையோ வரிசையாக இழுத்துக் கட்டுங்கள். தடித்த துணியில் டிக்டாக் முழுதாக மூடாது. நாடாவில் சுலபமாக ஏறும். கயிறு தொய்யாமல் இருப்பது முக்கியம். தொய்ந்தால் எல்லாம் நடுவில் வந்து குவியும். எம்ப்ராய்டரி வளையத்தில் வலைத்துணி பூட்டுவதும் இதே வேலையைச் செய்யும். பத்துப் பன்னிரண்டு க்ளிப்புக்கு மேல் அது தாங்காது, பரிசாகக் கொடுக்க ஏற்றது.

ஹேர் பேண்டுக்கு இவை எதுவும் ஆகாது. நாலு அங்குல பிவிசி பைப்பில் ஓரடி துண்டு, பிளம்பர் வேலை முடிந்த வீடுகளில் சும்மா கிடக்கும். துணி சுற்றி மேசையில் கிடத்திவிட்டால் போதும்.

பீரோவில் காந்தம் ஒட்டி அதில் க்ளிப்பை நிறுத்தும் யோசனை எனக்கும் பிடிக்கும். இரும்பு க்ளிப் தானாகவே ஒட்டிக்கொள்ளும், சுவரில் ஆணி வேண்டாம், வாடகை வீட்டுக்கு மிகவும் சௌகரியம். ஆனால் பொத்தான் அளவு காந்தங்கள் வேண்டவே வேண்டாம். குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துச் சதையைத் துளைக்கும்; அறுவை சிகிச்சை வரை போகும். நீளமான ஒரே காந்தப் பட்டை கிடைத்தால் பயன்படுத்துங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அதுவும் வேண்டாம். தொங்கும் ரிப்பனுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு: கீழ்நுனியை வளையமாக முடியாதீர்கள், தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் எட்டும் தூரத்தில் மாட்டாதீர்கள்.

மாட்டும் உயரத்தைப் பெரும்பாலோர் தங்கள் கண்ணுக்கு நேராக வைக்கிறார்கள். நாலு வயதுக் குழந்தை சுமார் ஒரு மீட்டர் உயரம். அவள் எடுத்து அவளே திருப்பி மாட்ட வேண்டுமென்றால் பட்டையின் கீழ்ப்பாதி அவள் முகத்துக்கு நேரே வர வேண்டும். இல்லாவிட்டால் தினமும் காலையில் "அம்மா, அந்த மஞ்சள்!" என்ற குரலுக்கு நீங்கள்தான் ஓட வேண்டும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டும் கொக்கி நிற்காது, பொடியோடு உரிந்து வரும். கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கியிலிருந்து நீளக் கயிற்றில் சட்டத்தை இறக்கிக்கொள்ளலாம். கயிற்றின் இரு நுனிகளையும் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பள்ளிக்கு ரெட்டைச் சடை மடித்துக் கட்டும் ரிப்பன்களை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். சட்டத்தின் ஓரத்தில் தனியாக ஒரு கொக்கி போதும். துவைத்த சிவப்பு ரிப்பன் ஈரம் போகாமல் அங்கே வந்தால் பக்கத்திலுள்ள வெள்ளை போவில் சாயம் ஏறும். கொடியில் நன்றாக உலர்ந்த பிறகே கொக்கிக்கு வரட்டும்.