சி++ க்ளாஸைப் பைத்தானில் கூப்பிடலாம், டெலீட் பண்றது யாரு?

மூணாவது வருஷம் சி++ல எழுதி வச்ச ஒரு க்ளாஸ், கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுல பைத்தானுக்குள்ள தேவைப்படும். திரும்பப் பைத்தான்ல எழுதினா நாளும் போகும், வேகமும் குறையும். அதே க்ளாஸைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த முடியுமா? தாராளமா முடியும். கூப்பிடுவது சுலபம்தான். உருவான ஆப்ஜெக்ட்டை எந்த மொழி அழிக்க வேண்டும் என்பதில்தான் ப்ராஜெக்ட்டுகள் கவிழ்கின்றன.

முதலில், ஏன் நேரடியாகக் கூப்பிட முடியாதுன்னு பார்ப்போம். பைத்தானோடு கூடவே வரும் சிடைப்ஸ் மாட்யூல், கம்பைல் செய்த லைப்ரரியைத் திறந்து ஃபங்ஷனைப் பெயர் சொல்லித் தேடும். சி மொழியில் நாம் வைத்த பெயரே லைப்ரரியிலும் இருக்கும். சி++ல ஒரே பெயரில் பல ஃபங்ஷன் இருக்கலாம் இல்லையா, அதனால் கம்பைலர் க்ளாஸ் பெயர், ஆர்க்யுமென்ட் டைப் எல்லாத்தையும் சேர்த்துப் பின்னி வேறொரு பெயர் வைக்கும். இதுதான் நேம் மேங்லிங். ஜிசிசி பின்னுவது ஒரு மாதிரி, மைக்ரோசாஃப்ட் கம்பைலர் பின்னுவது வேற மாதிரி. லினக்ஸில் என்எம் கமாண்டை உங்க லைப்ரரி மேல ஓட்டிப் பாருங்க, கூத்து தெரியும்.

பழைய வழி, எக்ஸ்டர்ன் சி போட்டு க்ளாஸைச் சாதாரண ஃபங்ஷன்களாக உடைப்பது. உருவாக்க ஒன்று, மெத்தடுக்கு ஒன்று, அழிக்க ஒன்று. பைத்தான் கையில் இருப்பது வெறும் முகவரி. சின்ன க்ளாஸுக்கு இது போதும். ஆனா ரிட்டர்ன் டைப் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டு, ப்ரோக்ராம் காரணமே சொல்லாமல் சாகும்.

பெரிய க்ளாஸுக்குப் பைபைண்ட்11 நல்லது. வென்ட்செல் யாக்கோப் தொடங்கிய லைப்ரரி. பைடார்ச்கூட இதைத்தான் பயன்படுத்துகிறது. க்ளாஸ் பெயர், கன்ஸ்ட்ரக்டர், மெத்தட்கள் என்று சில வரி எழுதினால் போதும், பைத்தானில் அது சாதாரண க்ளாஸ் மாதிரியே நடந்துகொள்ளும். சி++ எக்ஸப்ஷன்கூடப் பைத்தான் எக்ஸப்ஷனாக மாறி வரும்.

இனிதான் விஷயமே. ஹாஸ்டல் என்று ஒரு க்ளாஸ், அதற்குள் ரூம் ஆப்ஜெக்ட்களின் வெக்டர். ஒரு மெத்தட், கேட்ட ரூமின் பாயின்டரைத் திருப்பித் தருகிறது. நாம் ஒண்ணும் சொல்லாவிட்டால், பாயின்டர் வந்தால் அதன் சொந்தக்காரன் பைத்தான்தான் என்று பைபைண்ட்11 முடிவு செய்துவிடும். பைத்தானில் அந்த வேரியபிள் போனதும் ரூமை டெலீட் செய்யப் பார்க்கும். ரூமைக் காலி பண்ணுகிறவன் சுவரையும் இடிச்சுட்டுப் போற கதை. ஹாஸ்டலோ அந்த ரூம் இன்னும் தன்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

சரி, பாயின்டருக்குப் பதில் ரெஃபரன்ஸ் தந்தால்? அப்போது இயல்பாக நடப்பது காப்பி. க்ராஷ் ஆகாது, ஆனா பைத்தானில் ரூமுக்குப் புது ஆளைச் சேர்த்தால் ஹாஸ்டலுக்குத் தெரியவே தெரியாது. இது க்ராஷைவிட மோசம் என்பேன்; விடை மட்டும் தப்பாக வரும், வைவாவில்தான் தெரியும்.

வெறும் ரெஃபரன்ஸ் பாலிசி கொடுத்தாலும் ஆபத்து உண்டு. ரூம் கையில் இருக்கும்போதே பைத்தான் ஹாஸ்டலை அழித்துவிடலாம். இங்கே வேண்டியது ரெஃபரன்ஸ் இன்டர்னல் பாலிசி: ரூம் பைத்தானில் உயிரோடு இருக்கும்வரை ஹாஸ்டலையும் உயிரோடு வைத்திருக்கும். மெத்தடைப் பதிவு செய்யும் வரியில் ஒரே ஒரு வார்த்தை கூடுதல். அதற்காக இது சர்வரோக நிவாரணி இல்லை. ஹாஸ்டலில் புது ரூம் சேர்க்கும்போது வெக்டர் இடம் மாறினால் பழைய முகவரி செல்லாது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. மொழி எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு கூப்பிடலுக்கும் செலவு உண்டு. பைத்தான் லூப்பில் பத்து லட்சம் தடவை சின்ன மெத்தடைக் கூப்பிட்டால், சி++ தந்த வேகம் அதிலேயே கரைந்துவிடும். லூப்பையே சி++ பக்கம் தள்ளிவிட்டு, நம்பை அர்ரேயை மொத்தமாக ஒரே தடவை அனுப்புங்க.

உங்க பைண்டிங் சரியா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை. ஹாஸ்டல், ரூம் இரண்டின் டிஸ்ட்ரக்டரிலும் ஒரு ப்ரின்ட் வரி போடுங்க. பைத்தானில் ரூமை எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஹாஸ்டல் வேரியபிளை டெல் செய்யுங்க. ஒண்ணும் ப்ரின்ட் ஆகக் கூடாது. பிறகு ரூமையும் டெல் செய்தால், இரண்டு டிஸ்ட்ரக்டரும் அப்போதுதான் பேச வேண்டும்.