ஷிஃப்ட் டெலீட் அடிச்சாச்சு... இனி என்ன? ஃபைல் மீட்பும் பேக்கப்பும்



ஃபைனல் ரிவ்யூவுக்கு இரண்டு நாள். ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் தேடினால் காணோம். ஹாஸ்டலில் இந்த நேரத்தில் எல்லார் வாயிலிருந்தும் வரும் யோசனை ஒன்றுதான்: "ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணுடா, எல்லாம் வந்துடும்!" சில சமயம் வரும். பல சமயம் வராது. அந்த டவுன்லோடே கதையை முடித்துவிடுவதும் உண்டு. ஏன் என்று புரிய வேண்டுமானால், டெலீட் பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

டெலீட் என்றால் என்ன?

ஹாஸ்டல் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் ரூமைக் காலி செய்கிறார். வார்டன் ரிஜிஸ்டரில் அவர் பெயரை அடித்துவிட்டு 'ரூம் காலி' என்று எழுதுகிறார். ஆனால் அவருடைய பெட்டி, படுக்கை எல்லாம் இன்னும் ரூமிலேயே கிடக்கிறது. அடுத்த ஆள் வந்து சேரும் வரைக்கும் அப்படியே கிடக்கும். வந்துவிட்டால் பழைய சாமானைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள்.

ஃபைல் சிஸ்டமும் இதைத்தான் செய்கிறது. விண்டோஸில் சாதாரண டெலீட் அடித்தால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அது அழிவே இல்லை, இடமாற்றம்தான். ஷிஃப்ட் டெலீட் அடித்தாலோ, பின்னைக் காலி செய்தாலோதான் ரிஜிஸ்டரில் கோடு விழுகிறது. பென் டிரைவில் சாதாரண டெலீட்டே நேராகக் கோடுதான். அங்கே ரீசைக்கிள் பின் கிடையாது.

ஃபைல் சிஸ்டத்தைப் பொறுத்துக் கோடு போடும் விதம் மாறும். ஃபேட்32-இல் ஃபைல் பெயரின் முதல் பைட்டை ஹெக்ஸாடெசிமல் இ5 என்று மாற்றிவிட்டு, அதன் துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற சங்கிலியையும் அழித்துவிடும். அதனால்தான் மீட்ட ஃபைல்களில் சில நேரம் முதல் எழுத்தே இருக்காது. என்டிஎஃப்எஸ்-இல் மாஸ்டர் ஃபைல் டேபிளில் உள்ள பதிவில் 'பயன்பாட்டில் உள்ளது' என்ற ஒரு அடையாளம் மட்டும் நீக்கப்படும். பெயர், அளவு, இடம் எல்லாம் அந்தப் பதிவு வேறு ஃபைலுக்குப் போகும்வரை அப்படியே இருக்கும். அதனால் இதில் மீட்பது கொஞ்சம் சுலபம். லினக்ஸின் எக்ஸ்ட்4 இடம் பற்றிய குறிப்பையே துடைத்துவிடுவதால் அங்கே வாய்ப்பு குறைவு.

மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். தரவு உடனே போவதில்லை. அதன்மேல் வேறு ஏதாவது எழுதும்போதுதான் போகிறது. ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் டவுன்லோட் செய்யக்கூடாது என்பது இதனால்தான். நீங்கள் தேடும் ஃபைல் கிடக்கும் அதே ரூமில், அதைத் தேட வந்த ஆளையே குடிவைத்த கதையாகிவிடும்.

எந்த டிரைவ்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன கதை ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், கேமரா மெமரி கார்டு ஆகியவற்றுக்குப் பொருந்தும். இன்று நம் லேப்டாப்களில் இருப்பதோ எஸ்எஸ்டி. அதன் குணம் வேறு.

எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் பழையதன்மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். எழுதும் நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும். அதனால் ஒரு ஃபைலை டெலீட் செய்ததும், "இந்த இடம் இனி தேவையில்லை" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவுக்குச் சொல்லிவிடும். இதற்கு ட்ரிம் என்று பெயர். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே இது உண்டு. ட்ரிம் போன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலான டிரைவ்கள் வெறும் பூஜ்யங்களைத்தான் திருப்பித் தரும். வார்டன் கோடு போட்ட கையோடு, ஆளை அனுப்பி ரூமையும் கழுவிவிட்ட மாதிரி. எவ்வளவு காசு கொடுத்த சாஃப்ட்வேராக இருந்தாலும் பூஜ்யத்திலிருந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுவர முடியாது.

உபுண்டுவில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அங்கே ட்ரிம் வழக்கமாக வாரம் ஒருமுறைதான் ஓடும். உடனே கணினியை நிறுத்தினால் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது.

மொபைலின் உள் நினைவகத்திலும் ட்ரிம் உண்டு. அதோடு ஃபைல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டும் இருக்கும். 'டெலீட் ஆன போட்டோவை மீட்கலாம்' என்று சொல்லும் ஆப்கள் பெரும்பாலும் கேலரியின் சிறு தம்ப்நெயில்களைத்தான் எடுத்துக் காட்டும். அதற்காக எல்லா அனுமதியையும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

சாஃப்ட்வேருக்கு முன் பார்க்க வேண்டியவை

ஃபைல் காணோம் என்றதும் அந்த டிரைவில் எதையும் சேவ் செய்யாதீர்கள், இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவ் என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு, பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

1. ரீசைக்கிள் பின். பிறகு ஃபைல் பெயரை வைத்து முழு டிரைவிலும் ஒரு தேடல். மவுஸ் நழுவிப் பக்கத்து ஃபோல்டருக்குள் போய்விடுவது நிறைய நடக்கிறது.

2. பென் டிரைவைச் செராக்ஸ் கடையில் போட்டுவிட்டு வந்தால் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறதா? ப்ராப்பர்ட்டீஸில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். இடம் குறையவில்லை என்றால் ஃபைல் அழியவில்லை, வைரஸ் ஒளித்துவைத்திருக்கிறது. ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள். ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, 'ஆட்ரிப்' கட்டளையால் ஹிடன், சிஸ்டம் அடையாளங்களை நீக்கினால் எல்லாம் திரும்பத் தெரியும்.

3. நீங்கள் பயன்படுத்திய மென்பொருளுக்குள்ளேயே பாருங்கள். வேர்டில் சேவ் செய்யாத டாகுமென்ட்களை மீட்கும் வசதி, ஃபைல் மெனுவில் இன்ஃபோ பகுதியில் இருக்கிறது. விஎஸ் கோடில் 2022 முதல் லோக்கல் ஹிஸ்டரி உண்டு. நீங்கள் சேவ் செய்த ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி அங்கே இருக்கும். கிட் பயன்படுத்தினால் ரீஃப்லாக்கைப் பாருங்கள். டெலீட் செய்த பிராஞ்ச்சின் கமிட்கள்கூட அங்கே சில வாரங்களுக்குக் கிடைக்கும். ஆனால் ஒருமுறைகூட கமிட் செய்யாததை ரீஃப்லாக் காப்பாற்றாது.

4. கூகுள் டிரைவ் என்றால் அதன் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும்.

5. யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா? கைடுக்கு அனுப்பிய மெயில், டீம் வாட்ஸ்அப் குரூப், பிரிண்ட் எடுக்கக் கடைக்கு அனுப்பிய பிடிஎஃப். பழைய பதிப்பாக இருந்தாலும் முதலிலிருந்து எழுதுவதைவிட மேல்.

இந்த ஐந்திலும் இல்லை என்றால்தான் ரெக்கவரி சாஃப்ட்வேர்.

ரெக்கவரி சாஃப்ட்வேர் எப்படித் தேடுகிறது?

இரண்டு வழிகள். முதல் வழி, அடித்த ரிஜிஸ்டரையே படிப்பது. கோடு போட்ட பெயருக்குக் கீழே இருக்கும் பழைய குறிப்பை வைத்து ஃபைலை எடுப்பது. வெற்றி பெற்றால் பெயர், ஃபோல்டர் எல்லாம் சரியாக வரும்.

இரண்டாவது வழி, ரிஜிஸ்டரே இல்லாவிட்டால் ஒவ்வொரு ரூமாகக் கதவைத் திறந்து பார்ப்பது. பல ஃபைல் வகைகளுக்குத் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 என்று தொடங்கும். ஜிப் ஃபைல் 'பிகே' என்ற எழுத்துகளோடு தொடங்கும். அது பிகேஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான் என்பதால் அதற்கும் அதே முத்திரை. இந்த முறைக்கு ஃபைல் கார்விங் என்று பெயர். இதில் பெயர் கிடைக்காது. ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வெறும் எண்களாக வந்து நிற்கும். ஃபைல் துண்டு துண்டாகச் சிதறி இருந்தால் முதல் துண்டு வரும், மீதி குப்பையாக வரும்.

நம்பிப் பயன்படுத்தக்கூடிய இலவசக் கருவிகள்: விண்டோஸில் ரெக்குவா; மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி, இது கமாண்ட் லைனில் ஓடுவது; கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய திறமூலக் கருவிகளான டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக். பார்ட்டிஷனே காணாமல் போனால் டெஸ்ட்டிஸ்க். படம், டாகுமென்ட் தேடக் கார்விங் முறையில் ஓடும் போட்டோரெக். பெயரில் போட்டோ இருந்தாலும் பிடிஎஃப், ஜிப் எல்லாம் தேடும்.

பயன்படுத்தும்போது மறக்கக்கூடாதவை: கருவியை வேறு டிரைவிலிருந்து ஓட்டுங்கள். மீட்டதையும் வேறு டிரைவில்தான் சேவ் செய்யுங்கள். 'மீட்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டினாலும் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். காசு கட்டும் சாஃப்ட்வேர் என்றால் இலவச ட்ரையலில் முன்னோட்டம் பாருங்கள். முன்னோட்டத்தில் ஃபைல் திறக்காவிட்டால் காசு கட்டியும் பயனில்லை. கிராக் பதிப்பு வேண்டவே வேண்டாம். ஃபைல் போன பதற்றத்தில் இருப்பவருக்கு ரான்சம்வேரும் சேர்ந்து வந்தால் சோலி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் எந்தச் சாஃப்ட்வேரும் ஓட்டாதீர்கள். அது இயந்திரக் கோளாறு. ஓட ஓட மோசமாகும். அணைத்துவிட்டு, முக்கியமான தரவு என்றால் டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும்.

பேக்கப்: இருக்கிறது என்று நினைப்பது வேறு, இருப்பது வேறு

2017 ஜனவரி 31. கிட்லாப் நிறுவனத்தின் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் இல்லையா? பல வகைப் பேக்கப் வைத்திருந்தார்கள். தினமும் பிரதி எடுக்க வேண்டிய கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட். கிட்லாப் இதை மறைக்காமல் முழு விவரத்தையும் வெளியிட்டது. படிக்கும் நமக்குப் பாடம் இதுதான்: திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப் கணக்கில் வராது.

1998-இல் பிக்ஸாரிலும் இதே கதை. 'டாய் ஸ்டோரி 2' ஃபைல்கள் ஒரு கட்டளையில் அழிந்தன. பேக்கப்பும் சரியாக ஓடியிருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சூஸ்மனின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதை வைத்துத்தான் படத்தை மீட்டார்கள்.

இரண்டு கதையிலும் கைகொடுத்தது வேறு இடத்தில் இருந்த ஒரு பிரதி. இதையே விதியாகச் சொன்னவர் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக். 3-2-1 விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில்.

ஒரு மாணவருக்கு இது எப்படி? லேப்டாப்பில் அசல். வாரம் ஒருமுறை பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ ஒரு பிரதி. எடுத்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மூன்றாவது கிளவுடில்: கோடு என்றால் தினமும் கிட் புஷ், ரிப்போர்ட் என்றால் கூகுள் டிரைவ். இலவச 15 ஜிபி ரிப்போர்ட்டுக்கும் கோடுக்கும் தாராளம்.

எதை பேக்கப் எடுப்பது? மறுபடி டவுன்லோட் செய்யக்கூடிய டேட்டாசெட், சினிமா, சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. லேபில் எடுத்த ரீடிங், சர்வே பதில்கள், நீங்கள் எழுதிய கோடு, பல மணி நேரம் ட்ரெயின் செய்த மாடல், ரிப்போர்ட். இவற்றை எந்த இணையமும் திருப்பித் தராது.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுவோம். சிங்க் செய்வது பேக்கப் ஆகாது. லேப்டாப்பில் அழித்தால் கிளவுடிலும் அழியும். 30 நாளுக்குள் கவனித்தால்தான் உண்டு. அடுத்து, கல்லூரி கொடுத்த மெயில் ஐடி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். அங்கே மட்டும் வைத்திருந்தால் கடைசி செமஸ்டரிலேயே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

அப்போ எது?

ரெக்கவரி சாஃப்ட்வேர் என்பது நடந்த பிறகு செய்யும் முயற்சி. வெற்றி உங்கள் கையில் இல்லை, டிரைவின் கையில். பென் டிரைவ், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க்கில் உடனே நிறுத்தியிருந்தால் முயன்று பாருங்கள். எஸ்எஸ்டி, மொபைல் என்றால் அந்த நேரத்தை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பழைய பிரதியைத் தேடச் செலவிடுங்கள். பேக்கப்புக்கு ஆகும் நேரமோ வாரத்துக்குப் பத்து நிமிடம்.

செய்து பாருங்கள்

ஒரு காலி பென் டிரைவில் பத்துப் படங்களைக் காப்பி செய்து டெலீட் செய்யுங்கள். ரெக்குவாவில் தேடுங்கள், எத்தனை வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டிரைவ் நிரம்பும் அளவுக்குச் சினிமாவைப் போட்டுவிட்டு மறுபடி தேடுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் இந்தக் கட்டுரை முழுவதும் அதில் இருக்கும்.

அடுத்து, உங்கள் ப்ராஜெக்ட்டின் பேக்கப்பை நண்பரின் லேப்டாப்பில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஓடவில்லை என்றால், ரிவ்யூவுக்கு முன்பே தெரிந்ததே என்று சந்தோஷப்பட்டு இன்றைக்கே சரிசெய்யுங்கள்.