கற்பவனுக்குச் சம்பளம் எதற்கு?

குமரேசனுக்கு மாமன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் சிறுபான்மை இனத்து விஞ்ஞான மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் அளிப்பதோடு நில்லாமல், கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் பயில்வதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாமே, கற்க வந்தவனுக்குச் சம்பளம் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயத்தில் அந்த ஏற்பாட்டின் உயிர்நிலையே அந்தச் சம்பளந்தான்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை ஓய்வுக்காலம் அன்று. அடுத்த ஆண்டின் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும், பல சமயங்களில் வீட்டு வாடகைக்குங்கூடப் பணம் தேட வேண்டிய காலம். உணவு விடுதியில் தட்டுக் கழுவினால் கூலி உண்டு, பேராசிரியரிடம் ஆராய்ச்சி பழகினால் கூலி இல்லை என்ற நிலைமை இருக்குமானால், ஆய்வுக்கூடம் யாரைத் தடுக்காவிட்டாலும் அதனுள் போகக்கூடியவர்கள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாத்திரமே. அடிமைகளின் பேரனாகப் பிறந்த பெர்சி ஜூலியன், கல்லூரி விடுதியில் இடம் மறுக்கப்பட்டு, சக மாணவர்கள் தங்கிய ஒரு வீட்டில் பரிமாறியும் உலை மூட்டியும் அதன் பரணில் படுத்துறங்கியும் படித்து, 1920-ல் டிபா சர்வகலாசாலையில் முதல் மாணவராகத் தேறி, 1935-ல் கண்நோய்க்கு மருந்தாகும் பைசோஸ்டிக்மினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். அவர் மேதை. ஆனால் ஒரு மேதை தாண்டிய பள்ளத்தைக் காட்டி, மற்றவர்களையும் தாண்டச் சொல்லுவது தர்மமாகாது.

அந்நாட்டின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1987-ல் இளங்கலை மாணவருக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழப் பத்து வாரம் சம்பளத்துடன் ஆய்வில் பங்குகொள்ளச் செய்தது. எனினும் பணத்தை மட்டும் நீட்டினால் காரியம் முடிந்துவிடாது என்பதை எல்லோரினும் தெளிவாக உணர்ந்தவர், பால்டிமோர் கவுண்டியிலுள்ள மேரிலாந்து சர்வகலாசாலையின் ஃப்ரீமன் ஹ்ரபவ்ஸ்கி என்பேன். 1963-ல், பன்னிரண்டு வயதில், பர்மிங்ஹாம் நகரத்தில் கறுப்பினத்தாருக்குச் சம உரிமை கேட்டுச் சென்ற சிறுவர் ஊர்வலத்தில் நடந்து சிறை சென்றவர் அவர், கணிதம் கற்றவர். ராபர்ட் மேயர்ஹாஃப் என்னும் தனவந்தர் தந்த ஐந்து லட்சம் டாலரைக் கொண்டு 1988-ல் அவர் நிறுவிய திட்டத்தில், மறு ஆண்டு பத்தொன்பது கறுப்பின இளைஞர்கள் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

அத்திட்டத்தின் முறையைக் கவனி. கல்லூரி திறப்பதற்கு முன்பே கோடையில் ஆறு வாரம் எல்லோரும் ஒன்றாகத் தங்கிக் கணிதமும் விஞ்ஞானமும் படிக்க வேண்டும். பிறகும் கூடியே படிக்க வேண்டும். கோடைதோறும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சம்பளத்துடன் பணியாற்ற வேண்டும். கூடிப் படிப்பதில் அவர்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்கிறாயா? 1970-களில் பெர்க்கிலியில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பலர் தோற்பது ஏன் என்று ஆராய்ந்தபோது, அவர்கள் சிரத்தையில் குறைந்தவர்களல்லர், தனித்தனியே அறைக்குள் அமர்ந்து உழைத்தவர்கள் என்பதையும், அதே வகுப்பின் சீன மாணவர்களோ குழுவாகக் கூடி ஒருவர் பிழையை மற்றவர் திருத்திக்கொண்டார்கள் என்பதையும் கண்டார். ஆதரவற்ற மாணவன் தன் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி ஒதுங்குகிறான். அந்த ஒதுக்கமே அவனைத் தோற்கடிக்கிறது.

அந்த மேயர்ஹாஃப் திட்டத்தில் பயின்று 2008-ல் பட்டம் பெற்றவர் கிஸ்மெக்கியா கார்பெட். தேசிய சுகாதார நிலையங்களின் உபகாரச் சம்பளமும் அவருக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 20,000 டாலர் வரை அளித்த அந்த உதவி, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாகப் பத்து வாரக் கோடைப் பணியும், பட்டம் பெற்றபின் ஓராண்டுப் பணியும் விதித்தது. அவ்விரண்டுக்கும் சம்பளம் இருந்தது. பின்னாளில் அதே சுகாதார நிலையங்களில் கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர்.

இத்தகைய உதவிகளை ஓர் இனத்தாருக்கு மட்டும் ஒதுக்கியதற்கு எதிர்ப்பும் எழாமலில்லை. மேரிலாந்தின் வேறொரு சர்வகலாசாலை கறுப்பின மாணவருக்கென்றே ஒதுக்கிய உபகாரச் சம்பளத்தை 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. அதன்பின் மேயர்ஹாஃப் திட்டம் 1996-ல் எல்லா இனத்தாருக்கும் திறந்துவிடப்பட்டது. திறந்த பின்னும் அதன் முறை மாறவில்லை என்பது எனக்கு மிகுந்த ஆறுதல்.

அமெரிக்கத் தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்தின் அந்தக் கோடைப் பயிற்சி உனக்குக் கிட்டாது. அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியது அது. ஆனால் நம் தேசத்தின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உபகாரம் இருக்கிறது; இரண்டு மாத காலத்துக்கு உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருவார்கள். அதற்கு எந்த விஷயத்தை ஏன் ஆராய விரும்புகிறாய் என்று எழுத வேண்டியிருக்கும். உன்னை நன்கறிந்த ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். ஆகவே உன் தாவரவியல் பேராசிரியரிடம் இந்த வாரமே பேசு. எழுதியதை எனக்கும் அனுப்பு. தயங்காமல் திருத்தித் தருகிறேன். உதவித்தொகை வந்தால் அப்பாவுக்குப் பாதி அனுப்ப வேண்டுமே என்று கூச்சப்படாதே.

இப்படிக்கு,
உன் மாமன்