பள்ளி வகுப்பில் கல்லூரிப் பாடம்

மழைத்துளி ஒன்று ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன? உங்களுக்குத் தெரிந்த இயக்கச் சமன்பாட்டில் எண்களைப் போட்டால் நொடிக்கு 140 மீட்டர் என்று விடை வரும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் மழை பெய்தால் குடையும் தாங்காது, தலையும் தாங்காது. உண்மையில் மிகப் பெரிய மழைத்துளிகூட நொடிக்கு 9 மீட்டர் அளவில்தான் விழுகிறது.

தவறு எங்கே நேர்ந்தது? காற்றின் தடையை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. வேகம் கூடக்கூடத் தடையும் கூடும். ஆகவே முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத முடுக்கத்துக்காக எழுதிய சமன்பாடு இங்கே உதவாது. எளிமைக்காக, தடைவிசை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று கொண்டால் நாம் எழுத வேண்டியது இது:

நிறை × வேகம் மாறும் வீதம் = எடை − (மாறிலி × வேகம்)

இதைத் தீர்க்க நுண்கணிதம் வேண்டும். அமெரிக்காவில் பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் சிலர் பள்ளியிலேயே இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அதற்கென நடக்கும் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால், கல்லூரியின் முதலாண்டு இயற்பியல் பாடத்தை அவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்டதாகப் பல கல்லூரிகள் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

அங்கே கல்லூரிப் படிப்பை ஆண்டுகளால் மட்டும் அளப்பதில்லை, 'கிரெடிட்' என்னும் அலகாலும் அளக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு, ஏறக்குறைய ஒரு கிரெடிட். நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட்டுகள் தேவை. இந்த அலகு பிறந்த கதை வேடிக்கையானது. 1905-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னெகி என்ற எஃகுத் தொழிலதிபர், கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு நிதியை ஏற்படுத்தினார். எது உண்மையான கல்லூரி, எது வெறும் பெயர்ப்பலகை என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. பள்ளியில் 14 அலகுகள் படித்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் கல்லூரிதான் கல்லூரி என்று முடிவு செய்தார்கள். ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் 120 மணி நேர வகுப்பு. ஆசிரியரின் ஓய்வூதியத்துக்காக வந்த அளவுகோல் மாணவரின் படிப்பை அளக்கும் கோலாக நிலைத்துவிட்டது!

இயற்பியல் படிக்கும் உங்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். மணி நேரம் காலத்தின் அளவு. அது அறிவின் அளவு ஆகுமா? தலையில் மூட்டையோடு நாள் முழுதும் அசையாமல் நின்றவர் செய்த வேலை சுழி என்றுதானே நாம் எழுதுகிறோம்?

இதே ஐயம் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர்களுக்கும் எழுந்தது. நல்ல பள்ளியில் படித்த மாணவர் கல்லூரிக்கு வந்து, தெரிந்த பாடத்தையே ஓராண்டு மறுபடி கேட்டுச் சலித்துப்போனார். ஃபோர்டு அறக்கட்டளையின் பண உதவியோடு இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஒன்றில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் மூன்று தனியார் பள்ளிகளும் சேர்ந்தன. மற்றொன்றைக் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்தினார். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் பாடம் நடத்தலாம், அதைப் பொதுத் தேர்வு ஒன்றால் சோதிக்கலாம் என்ற திட்டம் இவற்றிலிருந்து உருவானது. 1955-இல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏ.பி., என்பது இதன் பெயர்.

தேர்வு ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கிறது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 பெற்றால் தகுதி உண்டு என்பது காலேஜ் போர்டின் கருத்து. ஆனால் கிரெடிட் கொடுப்பது அந்த அமைப்பு அன்று, கல்லூரிதான். ஒரு கல்லூரி 3-ஐ ஏற்கும். இன்னொன்று 5 வேண்டும் என்னும். வேறொன்று கிரெடிட் எதுவும் தராமல், முதல் வகுப்பைத் தாண்டி அடுத்த வகுப்பில் உட்கார மட்டும் அனுமதிக்கும். தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். அதே பாடத்தைக் கல்லூரியில் படிக்கப் பல இடங்களில் இதைப்போல் பல மடங்கு செலவாகும். ஏழைக் குடும்பத்து மாணவருக்கு இந்த வேறுபாடு சிறியதா, சொல்லுங்கள்!

இயற்பியலில் மட்டும் நான்கு ஏ.பி. தேர்வுகள் உள்ளன. முன்பு 'பி' என்று ஒரு பாடம் இருந்தது. அதில் இயற்பியல் முழுவதையும் ஓராண்டில் அவசரமாக ஓட்டினார்கள். 2015 முதல் அதன் இடத்தில் 'இயற்பியல் 1', 'இயற்பியல் 2' என்ற இரண்டு தேர்வுகள் நடக்கின்றன. இவற்றுக்கு இயற்கணிதம் போதும். மற்ற இரண்டும் 'சி' வகை; ஒன்று இயக்கவியல், மற்றொன்று மின்னியலும் காந்தவியலும். இவற்றுக்கு நுண்கணிதம் கட்டாயம். நம் மழைத்துளி 'சி' வகையைச் சேர்ந்தது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காத மாணவர் பிறகு வருந்த நேரும். 'இயற்பியல் 1'-இல் 5 வாங்கிய ஒருவர் பொறியியல் படிக்கப் போகிறார் என்று கொள்வோம். கல்லூரி அவருக்குக் கிரெடிட் தரலாம். ஆனால் பொறியியலுக்கு வேண்டியது நுண்கணிதம் கலந்த இயற்பியல். ஆகவே பெரும்பாலும் அவர் இயக்கவியலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் கிரெடிட் ஏறியிருக்கும், பாதை குறைந்திருக்காது.

சரி, அந்த 5 என்ற எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

பொலிவியா நாட்டில் இயற்பியலும் கணிதமும் கற்பித்துவிட்டு அமெரிக்காவில் குடியேறியவர் ஹைமே எஸ்கலாந்தே. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியரானார். மாணவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1982-இல் அவரிடம் படித்த 18 பேர் ஏ.பி. நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். அவர்களில் 14 பேரின் விடைகளில் ஒரே மாதிரியான பிழைகள் இருப்பதாகத் தேர்வு நடத்தியவர்கள் ஐயுற்றார்கள். 12 பேர் மறுபடி தேர்வு எழுத முன்வந்தார்கள். கோடை விடுமுறையில் புதிய வினாத்தாள், கடுமையான கண்காணிப்பு. பன்னிருவருமே தேறினார்கள்! 1988-இல் இது திரைப்படமாகவும் வந்தது. பள்ளியின் பெயரைப் பார்த்து ஐயப்பட்டவர்களுக்குத் தேர்வுத்தாளே பதில் சொல்லிவிட்டது. ஊர் எது, பள்ளி எது என்று பாராமல் தெரிந்ததை மட்டும் சோதிப்பதே இந்த முறையின் பெரிய பலம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு எதிர்த்திசையில் போகிறது. டார்ட்மவுத் கல்லூரியின் உளவியல் துறையினர் ஏ.பி. உளவியலில் 5 பெற்று வந்த நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தங்கள் தொடக்க வகுப்பின் இறுதித் தேர்வைச் சுருக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவரே தேறினார். ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதை நிறுத்தப் போவதாக அக்கல்லூரி 2013-இல் அறிவித்தது. இந்தச் சோதனை சரியானதன்று எனக் காலேஜ் போர்டு மறுத்தது. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. கல்லூரியிலேயே அந்தப் பாடத்தைப் படித்தவர்களிடம் சில மாதங்கள் கழித்து அதே தாளைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்? ஒப்பிட மற்றொரு குழு இல்லாத சோதனையை நம் ஆய்வுக்கூடத்தில் ஏற்போமா?

ஒரே நாளில் எழுதும் தேர்வை நம்பாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 1972-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் தன் பாடங்களையே பள்ளிகளுக்கு அனுப்பியது. 1985-இல் மின்னசோட்டா மாநிலம், பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிக்கே சென்று படிக்கலாம் என்று சட்டம் செய்தது. இவற்றில் பருவம் முழுதும் எழுதும் தேர்வுகளுக்கும் பயிற்சிகளுக்கும் மதிப்புண்டு. ஆனால் அங்கே குறைந்த மதிப்பெண் வாங்கினால் அது கல்லூரிச் சான்றிலும் பதிந்துவிடும். ஏ.பி. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் கிரெடிட் கிடைக்காது, அவ்வளவுதான்.

கிரெடிட் கையில் இருந்தும் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறவர்கள் உண்டு. தாண்டலாமா, வேண்டாமா என்று அறிய ஒரு வழி, சேரப்போகும் கல்லூரியின் பழைய இறுதித் தேர்வுத் தாளை வாங்கி, நேரம் குறித்து, புத்தகத்தை மூடிவைத்துப் போட்டுப் பார்ப்பது. அதற்கு மாதிரியாக ஒரு கணக்கை நீங்களும் போடலாம்.

பெரிய துளிகளுக்குத் தடைவிசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரே அளவுள்ள இரண்டு பந்துகள். ஒன்றின் நிறை மற்றதைப்போல் 4 மடங்கு. மிக உயரத்திலிருந்து விழும்போது அவை எட்டும் முற்றுத்திசைவேகங்களின் விகிதம் என்ன? எடையும் தடைவிசையும் சமம் என்று எழுதினால் போதும், நுண்கணிதம் வேண்டாம். விடை 2 : 1 என்று வந்ததா? வந்தால், முற்றுத்திசைவேகத்தில் பாதியை எட்ட எந்தப் பந்துக்கு அதிக நேரம் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அது எத்தனை மடங்கு என்று சொல்ல இயற்கணிதத்தை விட்டு நுண்கணிதத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும்.