மெஷின் யாருடைய கூலியை உயர்த்துகிறது?

“மெஷின் வந்தால் ஆள் போகும்” என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். எந்த ஆள் போவார், எந்த ஆளின் சம்பளம் ஏறும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். டிப்ளமோ முடித்து ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போகிற நமக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி நண்பர்களே!

தொழில் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை, கூலியாளுக்குத்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில், பாய்க்கப்பலுக்கான மரக் கப்பிகள் செய்ய 1803 முதல் புதிய இயந்திரங்கள் நிறுவப்பட்டன. வடிவமைத்தவர் மார்க் பிரூனல், செய்து கொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லே (லேத் பாடத்தில் ஸ்லைடு ரெஸ்ட் என்றதும் வருகிற அதே மாட்ஸ்லேதான்). துளை போட ஒரு மெஷின், காடி வெட்ட இன்னொன்று என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். 1808 வாக்கில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் தயாராயின. கைதேர்ந்த 110 பேர் செய்யக்கூடிய வேலையை, தனித்திறன் தேவைப்படாத 10 பேர் செய்து முடித்தார்கள். கைத்திறமை மெஷினுக்குள் போய்விட்டது!

துறைமுகத்தில் கதை நேர் எதிர். 1956-ல் அமெரிக்காவில் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 கண்டெய்னர்களோடு கிளம்பியது. நம்ம சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. மூட்டை சுமந்த தோளுக்கு வேலை குறைந்தது. கிரேன் ஓட்டுபவருக்கும் அதைப் பழுது பார்ப்பவருக்கும் கிராக்கி வந்தது.

ஆக, மெஷின் ஆளைப் பார்த்து எடுப்பதில்லை, வேலையின் ஒரு பகுதியை எடுக்கிறது. மிச்சமிருக்கும் பகுதி யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு மதிப்பு.

அந்த மதிப்பு ஏன் கூடுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான். சி.என்.சி. டர்னிங் சென்டர் ஒன்று 20 லட்சம் ரூபாய், ஆயுள் 10 வருடம் என்று வையுங்கள். தேய்மானம் வருடத்துக்கு 2 லட்சம். 12 சதவீதத்தில் வட்டி 2.4 லட்சம். இரண்டு ஷிப்டு, 300 நாள் ஓடினால் 4,800 மணி நேரம். அதாவது மணிக்கு சுமார் 92 ரூபாய். மெஷின் சும்மா நின்றாலும் இந்தச் செலவு நிற்காது. 3 லட்ச ரூபாய் சாதாரண லேத்துக்கு இதே கணக்கு மணிக்கு சுமார் 14 ரூபாய்தான் வரும்.

இப்போது ஒரு செட்டர், ஜாப் மாற்றும் நேரத்தை 3 மணியிலிருந்து 1 மணியாகக் குறைக்கிறார். பழைய லேத்தில் அவர் மிச்சப்படுத்துவது 28 ரூபாய். சி.என்.சி.யில் 184 ரூபாய். மனுஷன் அதே மனுஷன், மூளையும் அதே மூளை. பக்கத்தில் நிற்கிற முதலீடு பெரிசு, அவ்வளவுதான். மூலதனமும் திறமையும் ஒன்றுக்கொன்று துணை என்று பொருளாதார அறிஞர் ஸ்வி கிரிலிச்சஸ் 1969-ல் எழுதியதன் சாரம் இதுதான்.

ஆனால் அதே மெஷின் முன்னால் இன்னொருவரும் நிற்கிறார். சக்கில் ஜாப்பை மாட்டுவார், பட்டனை அமுக்குவார், கழற்றுவார். பல வருஷம் கைப்பழக்கத்தில் டர்னர் பிடித்த அளவை இப்போது புரோகிராம் பிடிக்கிறது. மாட்டிக் கழற்றும் வேலையைச் சில நாளில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒருவரே இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளவும் முடியும். அதற்கும் பார் ஃபீடர், ரோபோ எல்லாம் வந்துவிட்டன. கூலி குறைவாக இருக்கிற வரைக்கும் அவற்றை வாங்க முதலாளிக்கு அவசரமில்லை. அந்தக் கூலி ஏறாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஏறினால் ரோபோ வந்து நிற்கும்.

நமக்குச் சங்கடம் எங்கே என்றால், டிப்ளமோ படித்தவரையும் ‘டிரெய்னி’ என்று எடுத்து, மாட்டிக் கழற்ற மட்டும் விடுகிற இடங்கள் உண்டு. சான்றிதழில் திறன்பெற்றவர், செய்கிற வேலையில் திறனற்றவர். வருஷம் ஓடிவிட்டால் அடுத்த கம்பெனியிலும் அதே வேலைதான் கிடைக்கும்.

ஆகவே கேம்பஸ் இன்டர்வியூவில் சம்பளம், கேன்டீன், பஸ் வசதி எல்லாம் கேளுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் கேளுங்கள்: டூல் ஆஃப்செட் மாற்ற டிரெய்னிக்கு அனுமதி உண்டா? புரோகிராமைத் திருத்த எத்தனை மாதத்தில் விடுவீர்கள்? மெஷின் பிரேக்டவுன் ஆனால் மெயின்டனன்ஸ்காரர் கூட நிற்கலாமா?